வாசகர் கேள்வி: பாசல் நகராட்சி மாளிகைக்குள் நாமும் போகலாமா?

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கும் என் மகள் வீட்டிற்குச் செல்லவிருக்கிறேன். அங்குள்ள பழைய சட்டமன்றக் கட்டடத்தை உள்ளே சென்று பார்க்க, நம் கோட்டையில் இருப்பதைப் போல அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா? - வாசகி, தண்டையார்பேட்டை.

பதில்: முற்றத்திற்குச் சீட்டு எதுவும் தேவையில்லை, அம்மா. சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் அந்தச் செம்மணற்கல் மாளிகையின் வாயில் வளைவைக் கடந்தால், பகல் வேளைகளில் யாரும் முற்றத்திற்குச் செல்லலாம். பாசல் 1501இல் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்த பின், 1504இல் தொடங்கி எழுப்பப்பட்ட நடுப்பகுதி, நம் புனித ஜார்ஜ் கோட்டையைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. ஆனால், பலரும் முதலில் படமெடுக்கும் உயரமான கோபுரமோ 1900ஆம் ஆண்டையொட்டிச் சேர்க்கப்பட்டதுதான். முற்றத்தில், ரோமானியத் தளபதி முனாட்டியஸ் பிளாங்கஸின் சிலையையும், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹான்ஸ் போக் தீட்டிய சுவரோவியங்களையும் நிதானமாகப் பாருங்கள். ஹான்ஸ் ஹோல்பைன் பழைய மன்ற அறையில் தீட்டிய ஓவியங்கள் அழிந்துவிட்டன. எஞ்சிய சில துண்டுகள் நகரின் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

பாசல் நகர் மாநிலத்தின் 100 உறுப்பினர் பேரவை இன்றும் இங்கேதான் கூடுகிறது. கூட்ட நாள்களில், அவை பெரும்பாலும் புதன்கிழமைகள், பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து கேட்கலாம். விவாதம் ஜெர்மனில் நடக்கும் என்பதால் மகளை அழைத்துச் செல்வது நல்லது. மற்ற நாள்களில் மன்ற அறையைக் காண, நகரச் சுற்றுலா அலுவலகத்தின் வழிகாட்டிச் சுற்றில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.