மாணவர் கடனும் உதவித்தொகையும் வாடகை உதவியை எப்படிப் பாதிக்கின்றன? பிரித்தானியாவில் படிப்போருக்கான கேள்வி பதில்

பதில்களில் வரும் மாணவர் கடன் விதிகள் இங்கிலாந்தில் உள்ளவை. வாடகை உதவி என்று நாம் பொதுவாகச் சொல்வது, இன்று பெரும்பாலானோருக்கு, குறைந்த வருமானம் உள்ளோருக்கு அரசு மாதந்தோறும் தரும் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவிக்குள் அடங்கிய வீட்டுச் செலவுப் பகுதியையே குறிக்கிறது.

கேள்வி (ஹாரோ): நான் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறேன். செப்டம்பரில் முழுநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தால் என் வாடகை உதவி நின்றுவிடுமா?

பதில்: நின்றுவிடாது, ஆனால் குறையும். முழுநேர மாணவர்களுக்கு யுனிவர்சல் கிரெடிட் இல்லை என்பது பொது விதி; பிள்ளையை வளர்க்கும் பொறுப்பில் இருப்பவர்கள் அதற்கு விலக்கு. கல்விக் கட்டணத்துக்கான கடனை எவரும் உங்கள் வருமானமாகக் கொள்ளமாட்டார்கள். வாழ்க்கைச் செலவுக் கடன் கணக்கில் வரும். அதிலும் 'சிறப்பு ஆதரவு' என்று குறிப்பிடப்படும் பகுதியை (புத்தகம், பயணம் போன்ற படிப்புச் செலவுகளுக்கானது) கழித்துவிட வேண்டும்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். உங்கள் வாழ்க்கைச் செலவுக் கடன் 12,000 பவுண், அதில் சிறப்பு ஆதரவு 4,000 என்றால், எஞ்சுவது 8,000. உங்கள் யுனிவர்சல் கிரெடிட்டின் ஒவ்வொரு கணக்கு மாதமும் 10ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 9ஆம் தேதி முடிகிறது என்றும், படிப்பு செப்டம்பர் 22இல் தொடங்கி ஜூன் 8இல் முடிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். படிப்பின் கடைசி வாரம் விழும் கணக்கு மாதத்தைச் சேர்ப்பதில்லை என்பதால், செப்டம்பர் 10 முதல் மே 9 வரை 8 மாதங்கள் கிடைக்கின்றன. 8,000ஐ 8ஆல் வகுத்து, வருமானமாகக் கொள்ளாமல் விடப்படும் தொகையான மாதத்துக்கு 110 பவுணைத் தள்ளினால் 890 வருகிறது. அந்த 890உம் வாடகைப் பகுதியிலிருந்து மட்டும் அல்ல, யுனிவர்சல் கிரெடிட்டின் மொத்தத் தொகையிலிருந்து பவுணுக்குப் பவுண் கழியும். சம்பளத்துக்கு உள்ளதுபோல் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் மட்டும் கழிக்கும் சலுகை இதற்கு இல்லை. மே 10இலிருந்து, கோடை விடுமுறை முடியும்வரை, கழிவு எதுவும் இராது. கடன் மூன்று தவணைகளாக வரும், கழிவோ மாதந்தோறும் நடக்கும். ஆகவே முதல் தவணை வந்தவுடனேயே அடுத்த சில மாத வாடகையை ஒதுக்கிவைத்துவிடுங்கள்.

கேள்வி: வட்டிக்குக் கடன் வாங்க எங்கள் குடும்பத்தில் மனமில்லை. கடன் எடுக்காவிட்டால் முழுத் தொகையும் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. விண்ணப்பித்தால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சக் கடனை நீங்கள் பெற்றுவிட்டதாகவே கருதிக் கழிப்பார்கள். கையில் வராத பணத்துக்காக உதவி குறைவது எனக்கும் நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

கேள்வி (லெஸ்டர்): நான் தாதியியல் மாணவி, ஒரு குழந்தைக்குத் தாய். கடனோடு தேசிய சுகாதார சேவையின் 5,000 பவுண் பயிற்சி உதவித்தொகையும், குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையும் பெறுகிறேன். எல்லாம் கழியுமா?

பதில்: கடன் கிடைக்கும் மாணவருக்குக் கடன்தான் அளவுகோல், அதே காலத்துக்கான உதவித்தொகையைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். எனவே அந்த 5,000உம் குழந்தைப் பராமரிப்புத் தொகையும் உங்கள் வாடகை உதவியைத் தொடா. விலக்கு இரண்டு உண்டு: உதவித்தொகையில் ஒரு பகுதி வாடகைக்கென்றே குறிப்பிட்டுத் தரப்பட்டாலோ, உங்கள் யுனிவர்சல் கிரெடிட்டில் சேர்க்கப்பட்டுள்ள இன்னொருவரின் பராமரிப்புக்கென்று தரப்பட்டாலோ, அந்தப் பகுதி கணக்கில் வரும்.

கடன் இல்லாமல் உதவித்தொகை மட்டும் பெறுபவர்களின் நிலை நேர்மாறானது. அவர்களுக்கு உதவித்தொகை முழுவதுமே வருமானம். கல்விக் கட்டணம், புத்தகம், கருவிகள், பயணம், குழந்தைப் பராமரிப்பு, உடற்குறைபாட்டுச் செலவு போன்றவற்றுக்கென்று தரப்பட்ட பகுதிகளைத் தள்ளுவார்கள். ஆகவே, எதற்காகத் தரப்படுகிறது என்று பிரித்து எழுதிய கடிதத்தை, தொகையைத் தரும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

கேள்வி: மாணவர் விசாவில் வந்திருக்கிறேன். பல்கலைக்கழகம் சிறிய உதவித்தொகை தருகிறது. வாடகை உதவிக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: தயவுசெய்து விண்ணப்பிக்காதீர்கள். மாணவர் விசாவில் அரச உதவிகளைப் பெறக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. யுனிவர்சல் கிரெடிட்டும், பழைய வாடகை உதவியான ஹவுசிங் பெனிபிட்டும் அந்த அரச உதவிகளே. பெற்றால் விசாவுக்கே ஆபத்து. பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து தரும் உதவித்தொகை அரச உதவி ஆகாது, அதைத் தயங்காமல் பெறலாம். உங்கள் துணைவர் நிரந்தர வதிவிட உரிமை உடையவரானால், அவர் தனியாளுக்குரிய தொகையைக் கோரலாம். ஆனால் உங்கள் வருமானத்தையும் அதில் சேர்த்தே பார்ப்பார்கள் என்பதால், முதலில் குடிவரவு ஆலோசகர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு 19 வயது, பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறான். அவன் பெயரில் வாடகை உதவி கேட்கலாமா?

பதில்: பிள்ளையோ உடற்குறைபாடோ இல்லாத, தனியாளான முழுநேர மாணவருக்குக் கிடைக்காது.

கேள்வி: என் யுனிவர்சல் கிரெடிட் திடீரெனப் பூஜ்யமாகிவிட்டது. கடன் கடிதத்தைப் பதிவேற்றிய பிறகுதான் இப்படி நடந்தது.

பதில்: சென்ற ஆண்டு ஒரு சகோதரி இதே நிலையில் என்னிடம் வந்தார். அவருடைய கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் ஒரே கூட்டுத்தொகை இருந்தது. கல்விக் கட்டணக் கடனும் அதற்குள் அடக்கம். யுனிவர்சல் கிரெடிட் அலுவலகத்தில் அதைப் பதிவு செய்தவர் மேலே உள்ள வரிகளைப் பார்க்காமல் அந்தக் கூட்டுத்தொகையையே எடுத்து 8ஆல் வகுத்திருந்தார். உங்களுடையதும் அப்படியா என்று முதலில் பாருங்கள். அப்படியானால், கடிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'கழிக்க வேண்டியது', 'விடவேண்டியது' என்று எழுதி, அதை உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள ஜேர்னல் என்ற செய்திப் பகுதியில் சேர்த்து, முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் 'கட்டாய மறுபரிசீலனை' (முடிவை மீண்டும் பார்க்கும்படி கேட்பது) கோருங்கள். தவறு உங்களுக்குச் சாதகமாக நடந்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் கூடுதலாகத் தந்த பணத்தை, தவறு அவர்களுடையதாகவே இருந்தாலும், திருப்பிக் கேட்க அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது.