பூச்சாறும் அழற்சியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அடர்சிவப்பு ரோஜா இதழ்களை 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தேன். எல்.பி.எஸ். (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியாப் பொருள்) கொடுத்துத் தூண்டிய ரா 264.7 என்ற சுண்டெலிச் செல்களில், அழற்சியின் அடையாளமான நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறதா என்று பார்த்தேன். சாற்றின் அளவு கூடக்கூட க்ரீஸ் (Griess) சோதனையின் அளவீடும், அதாவது நைட்ரிக் ஆக்சைடு மாறி உண்டாகும் நைட்ரைட்டின் அளவீடும், கூடுகிறது. அப்படியானால் ரோஜாச் சாறு அழற்சியைத் தூண்டுகிறதா? (முதுகலை உயிர்வேதியியல் மாணவி)

பதில்: அந்த முடிவுக்கு வருவதற்கு முன் இதழின் நிறத்தையும், இதழின் மேல் வாழ்ந்த பாக்டீரியாவையும் சந்தேகப்படுங்கள்.

சிவப்பு, ஊதா இதழ்களின் நிறம் ஆந்தோசயனின். செல் வளர்க்கும் மீடியத்தின் பி.எச். சுமார் 7.4. அந்த நிலையில் இந்த நிறமி பெரும்பாலும் வெளிறிவிடும். அதனால் செல் தட்டின் குழியைப் பார்த்தால் சாற்றின் நிறம் போய்விட்டதுபோல் தோன்றும். ஆனால் க்ரீஸ் சோதனையின் சல்ஃபனிலமைடு கரைசலில் 5 சதவீதம் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் பட்டதும் ஆந்தோசயனின் மறுபடி சிவக்கும். அதன் உறிஞ்சல் உச்சம் 520 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது. நாம் படிப்பதோ 540-ல். கருவி படித்தது நைட்ரைட்டோடு சேர்ந்து இதழின் நிறத்தையும்தான்.

இதைக் கண்டுபிடிக்க, சாற்றின் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி பிளாங்க் (சாயம் உருவாகாத ஒப்பீட்டுக் குழி) வையுங்கள். செல்லின் மேல் மீடியம் 50 மைக்ரோலிட்டர், சல்ஃபனிலமைடு கரைசல் 50 மைக்ரோலிட்டர் எடுத்து, சாயத்தை உருவாக்கும் இரண்டாவது கரைசலான நாஃப்தைல் எத்திலீன் டையமீனுக்குப் பதில் தண்ணீர் 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். இதில் சாயம் உருவாக வழியில்லை. வரும் எண் சாற்றுடையது. அதைக் கழித்த பிறகே தெரிந்த அளவு சோடியம் நைட்ரைட்டை வைத்து வரைந்த நேர்கோட்டோடு ஒப்பிட வேண்டும். அந்த நேர்கோட்டையும் தண்ணீரில் போடாமல், செல் வளர்த்த அதே மீடியத்தில் 0 முதல் 100 மைக்ரோமோலார் வரை போடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அது இன்னும் ஆபத்தானது. நாம் விரும்பும் முடிவையே அது தருவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. வைட்டமின் சி, பாலிஃபீனால் போன்ற ஒடுக்கிகள் அமிலத்தில் நைட்ரைட்டைத் தின்றுவிடும். செல் எதுவும் செய்யாமலே அளவீடு குறையும். செல் இல்லாத மீடியத்தில் சாற்றைக் கலந்து, 20 மைக்ரோமோலார் நைட்ரைட் சேர்த்துப் படியுங்கள். 20-க்குப் பதில் 13 வந்தால் அந்தக் குறைவுக்கும் அழற்சிக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது பாக்டீரியா. இதழ்களின் மேல், அதிலும் வெட்டித் தண்ணீரில் வைத்த பூக்களில், கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா ஏராளம். அவற்றின் வெளிச்சவ்வில் இருப்பதுதான் எல்.பி.எஸ். நீங்கள் தூண்டியாக வாங்கிச் சேர்க்கும் அதே பொருள் சாற்றுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தும், எல்.பி.எஸ்.ஸை நிறுத்தாது. 121 டிகிரி ஆட்டோகிளேவும் அதை நம்பும்படி அழிக்காது. கண்ணாடிப் பொருள்களை 250 டிகிரி உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தால் போகும். சாற்றுக்கு அந்த வழி இல்லை. ஆகவே எல்.பி.எஸ். சேர்க்காமல் சாறு மட்டும் கொடுத்த குழி கட்டாயம் வேண்டும். அங்கே நைட்ரைட் ஏறினால் அதே குழியைப் எல்.பி.எஸ்.ஸைப் பிடித்துக் கட்டும் மருந்தான பாலிமிக்சின் பி 10 மைக்ரோகிராம்/மில்லி லிட்டரோடு மறுபடி செய்யுங்கள். ஏற்றம் அடங்கினால் குற்றவாளி எண்டோடாக்சின், அதாவது சாற்றோடு வந்த எல்.பி.எஸ். கூடவே 10 நானோகிராம்/மில்லி லிட்டர் எல்.பி.எஸ். கொடுத்த ஒரு குழியிலும் பாலிமிக்சின் விட்டு, மருந்து வேலை செய்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து செய்யும், எண்டோடாக்சினை அளக்கும் எல்.ஏ.எல். சோதனையைத் தாவரச் சாற்றில் அப்படியே நம்ப வேண்டாம். தாவரத்தின் பீட்டா-குளுக்கன்களும் அதைத் தூண்டிவிடும். குளுக்கனைத் தடுக்கும் பஃபரோடு செய்யுங்கள், அல்லது குளுக்கனால் தூண்டப்படாத ரீகாம்பினன்ட் ஃபாக்டர் சி முறைக்குப் போங்கள்.

கேள்வி: எலியின் செல், அதுவும் புற்றுநோய்ச் செல். அதில் பூச்சாறு ஊற்றிப் பார்ப்பதால் என்ன தெரியும்? (பள்ளி ஆசிரியர்)

பதில்: ஒரே ஒரு பாதையைப் பற்றித் தெரியும். ரா 264.7 என்பது ஆபெல்சன் வைரஸால் சுண்டெலியில் உண்டாக்கிய கட்டியிலிருந்து பிரித்து, 1978-இல் வெளியான செல் வரிசை. பெருவிழுங்கி செல்லின் குணங்கள் அதற்கு உண்டு. எல்.பி.எஸ். வந்து டி.எல்.ஆர்.4 ஏற்பியில் படும்; உள்ளே ஜீன்களை இயக்கும் என்.எஃப். கப்பா பி புரதம் விடுபட்டு உட்கருவுக்குப் போகும். ஐ-நாஸ், காக்ஸ்-2, டி.என்.எஃப். ஆல்ஃபா, ஐ.எல்-6 ஆகிய அழற்சிப் புரதங்களின் ஜீன்கள் இயங்கும். ஐ-நாஸ் நொதி ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்யும். அது சீக்கிரம் நைட்ரைட்டாக மாறி மீடியத்தில் தங்கும், அதைத்தான் அளக்கிறோம். மலிவானது, 24 மணி நேரத்தில் முடிவு வரும், நிறையச் சாறுகளை ஒரே நாளில் சோதித்துத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குமேல் சுமையை அதன்மேல் ஏற்றக் கூடாது. மனிதப் பெருவிழுங்கி செல்களைத் தட்டில் இதேபோல் தூண்டினால் இந்த அளவுக்கு நைட்ரிக் ஆக்சைடு வராது. அங்கே டி.என்.எஃப்., ஐ.எல்-6 போன்ற சைட்டோகைன்களைத்தான் அளக்க வேண்டும்.

கேள்வி: செவ்வந்திச் சாறு கொடுத்த குழிகளில் எம்.டி.டி. சோதனை 130 சதவீதம் உயிர்ப்புக் காட்டுகிறது. சாறு நோய் எதிர்ப்பு செல்களைப் பெருக்குகிறது என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். எம்.டி.டி. என்ற மஞ்சள் உப்பைச் செல்லின் நொதிகள் ஊதா ஃபார்மசானாக ஒடுக்க வேண்டும். செவ்வந்தியில் உள்ள லூட்டியோலின், குளோரோஜெனிக் அமிலம் போன்றவையும் ஒடுக்கிகளே. செல்லே இல்லாத குழியில் மீடியமும் சாறும் எம்.டி.டி.யும் விட்டு 3 மணி நேரம் வையுங்கள். ஊதா வந்தால் விஷயம் புரிந்துவிடும். எம்.டி.டி. சேர்ப்பதற்கு முன் சாற்று மீடியத்தை உறிஞ்சி எடுத்து, பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலால் ஒருமுறை மெதுவாகக் கழுவினால் பெரும்பகுதி சரியாகும். அதோடு செல்லின் உயிர்ப்பை வேறு வழியில் காட்டும் கிறிஸ்டல் வயலட் அல்லது எல்.டி.எச். சோதனை ஒன்றையும் சேருங்கள்.

இந்த எண்ணை அலட்சியப்படுத்த முடியாததற்குக் காரணம் உண்டு. செத்த செல் நைட்ரிக் ஆக்சைடு செய்யாது. உயிர்ப்பு 60 சதவீதத்துக்கு இறங்கிய அளவில் நைட்ரைட் பாதியானால் அது அழற்சி எதிர்ப்பு இல்லை, நச்சு. சாறும் எல்.பி.எஸ்.ஸும் சேர்ந்த குழிகளிலேயே உயிர்ப்பைப் பாருங்கள். 90 சதவீதத்துக்குக் கீழே போகும் அளவுகளை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பத்து அலங்காரப் பூக்களில் அரளிதான் டி.என்.எஃப்.-ஐ மிக வலுவாகக் குறைத்தது. எலிச் செல்கள் நன்றாக உயிரோடு இருந்தன. மனிதச் செல்லில் கொடுத்தால் எல்லாம் செத்துவிட்டன. எங்கே தவறு?

பதில்: தவறு எதுவும் இல்லை. நீங்கள் கண்டது அரளியின் நஞ்சைத்தான். அரளியில் ஒலியாண்ட்ரின் போன்ற இதய கிளைகோசைடுகள் இருக்கின்றன. அவை செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்பை அடைக்கும். எலி வகை உயிரினங்களின் பம்பில் ஆல்ஃபா-1 வடிவம் இந்த நஞ்சுக்கு மிகக் குறைந்த அளவே அசைந்து கொடுக்கும். மனித வடிவத்தை அடைக்கப் போதுமான அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேல் வேண்டும். மனிதச் செல்லில் பம்பு நின்று உள்ளே பொட்டாசியம் குறைந்தால் புரத உற்பத்தியே படுத்துவிடும். டி.என்.எஃப்.-உம் ஒரு புரதம்தானே, அதுவும் குறையும். எலிச் செல்லில் மட்டும் பார்த்து "பாதுகாப்பானது, சக்தி வாய்ந்தது" என்று எழுதும் கட்டுரை மனித உயிரோடு விளையாடுகிறது. அரளி, ஃபாக்ஸ்குளோவ், பள்ளத்தாக்கு லில்லி போன்ற பூக்களை எடுத்தால் மனிதச் செல் சோதனை முதல் நாளிலேயே இருக்கட்டும். டி.எச்.பி-1 என்ற மனிதச் செல்களை, பெருவிழுங்கி செல்போல் மாற்றும் பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொடுத்து ஒட்ட வைத்து, பி.எம்.ஏ. இல்லாத மீடியத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்த பிறகு பயன்படுத்துங்கள்.

கேள்வி: சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் எவ்வளவு அடர்த்தியில் கரைப்பது?

பதில்: 100 மில்லிகிராம்/மில்லி லிட்டர். அதை ஆயிரம் மடங்கு நீர்த்தால் 100 மைக்ரோகிராம், டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதம். குறைந்த அளவுகளுக்கும் டி.எம்.எஸ்.ஓ. அதே 0.1 சதவீதம் இருக்கும்படி சமன் செய்யுங்கள். கட்டுப்பாட்டுக் குழியிலும் அதே அளவு. கலந்ததும் மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பாருங்கள். படிகம் விழுந்திருந்தால் நீங்கள் எழுதும் 100 வெறும் காகிதத்து 100. கரைத்ததைச் சிறு குப்பிகளில் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள், உருக்கி உறையவைப்பது ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: எல்லாத் தடையும் தாண்டி என் சாறு நைட்ரைட்டைக் குறைக்கிறது. அடுத்து என்ன?

பதில்: எங்கே குறைக்கிறது என்று பிரியுங்கள். சாற்றையும் எல்.பி.எஸ்.ஸையும் ஒன்றாகவே விட்டால் சாறு எல்.பி.எஸ்.ஸைப் பிடித்துக் கட்டியிருக்கலாம். எனவே ஒரு தொகுதியில் சாறு கொடுத்து 2 மணி நேரம் கழித்துக் கழுவிவிட்டு எல்.பி.எஸ். கொடுங்கள். இன்னொன்றில் எல்.பி.எஸ். முதலில், 12 மணி நேரம் கழித்துச் சாறு. அப்போது ஐ-நாஸ் ஏற்கெனவே உருவாகியிருக்கும். அங்கும் நைட்ரைட் ஏறுவது நின்றால் நொதியைத் தடுக்கிறது, அல்லது உருவான வாயுவை விழுங்குகிறது. செல் இல்லாமல், நைட்ரிக் ஆக்சைடைத் தானே வெளிவிடும் சோடியம் நைட்ரோபுருசைடு வைத்துப் பார்த்தால் விழுங்குவது தெரிந்துவிடும். ஐ-நாஸ் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பாருங்கள். டி.என்.எஃப்.-க்கு 4 முதல் 6 மணி நேரத்தில் மாதிரி எடுங்கள், ஐ.எல்-6-க்கு 24 மணி போதும். ஒப்பீட்டுக்கு, அழற்சியைக் குறைக்கும் மருந்தான டெக்சாமெத்தசோன் ஒரு குழியில் கட்டாயம் இருக்க வேண்டும். அதுவே வேலை செய்யாத நாளில் பிளேட் முழுவதையும் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு நல்லது என்றால் பூங்கொத்தில் வரும் பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அலங்காரத்துக்கு வளர்க்கும் பூக்களில் பூச்சிமருந்துக் கட்டுப்பாடு உணவுப் பயிருக்கு இருப்பதுபோல் இருக்காது. சாற்றின் கணக்கும் உதவாது. 100 மைக்ரோகிராம்/மில்லி லிட்டர் என்பது 3 லிட்டர் பிளாஸ்மாவில் 300 மில்லிகிராம் சாறு மாறாமல் மிதப்பதற்குச் சமம். குடித்த ஃபிளேவனாய்டுகளைக் குடலும் கல்லீரலும் குளுகுரோனைடு என்ற வேறு சேர்மமாக மாற்றிவிடும். இரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழே. குவர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டில் ஒரு மைக்ரோமோலார் என்பது வெறும் 0.3 மைக்ரோகிராம்/மில்லி லிட்டர். செவ்வந்தி, செண்டுமல்லி குடும்பத்துப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்குத் தோலும் மூச்சும் பாதிக்கப்படும். மூட்டு வலிக்கோ குடல் அழற்சிக்கோ மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டுப் பூக்கஷாயத்துக்குப் போவதை எந்தச் செல் தட்டின் முடிவும் நியாயப்படுத்தாது.