அக்கா என்று கூப்பிடுகிறார்களே!

கேள்வி: பல்கலைக்கழக ஆய்வுத் துறை ஒன்றில் 9 ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் அலுவலக உதவியாளராக இருக்கிறேன். ஆராய்ச்சித் திட்டங்களின் பில், கணக்கு, கோப்பு எல்லாம் என் கையில்தான். ஆனால் பேராசிரியர்கள் என்னை ஓர் ஆளாகவே மதிப்பதில்லை. விருந்தினர் வந்தால் காபி வாங்கி வரச் சொல்கிறார்கள். ஆய்வு மாணவர்கள் மட்டும்தான் ‘அக்கா, அக்கா’ என்று பிரியமாக இருப்பார்கள். வெறுத்துப்போய் ஒரு மாதம் உதவித்தொகைப் பதிவைக்கூடத் தள்ளிப் போட்டுவிட்டேன். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வேலையை விடுவதைப் பிறகு பேசுவோம். ‘பதிவைக்கூடத் தள்ளிப் போட்டுவிட்டேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அது என்ன பதிவு என்று உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை பெறும் மாணவர் இந்த மாதமும் ஆய்வில் இருக்கிறார் என்று மாதாமாதம் இணையத்தில் ஒருவர் பதிய வேண்டும்; இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிறகுதான் மாணவரின் வங்கிக் கணக்கில் பணம் ஏறும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். கேட்பவர்களுக்குப் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அதை வாங்குகிறவர் வேறு சம்பள வேலைக்குப் போகக் கூடாது. அறை வாடகை, மெஸ் கட்டணம், ஊரில் அம்மாவின் மாத்திரை, தம்பியின் படிப்பு எல்லாம் அந்த ஒரே பணத்தில்தான்.

உங்களைக் காபி வாங்க அனுப்பியவருக்கு அந்த மாதமும் சம்பளம் வந்திருக்கும். மெஸ் பலகையில் பாக்கிக்காரர் என்று பெயர் எழுதப்பட்டு நின்றிருப்பவர்கள், உங்களை அக்கா என்று அழைத்த பிள்ளைகள். மாமியார் மேலுள்ள கோபத்தைப் பிள்ளையின் முதுகில் காட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீங்கள் செய்தது அதேதான். திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்!

முறை சொல்லி அழைப்பதை ஏற்றுக்கொண்டால் கடமையையும் ஏற்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு படுக்கப் போகிற அக்காவும் தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் படுப்பாள்.

உங்கள் குறை நியாயமானது. வந்த பணம் எதற்குச் செலவானது என்று கணக்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் நேரத்துக்குப் போகாவிட்டால் திட்டத்தின் அடுத்த தவணை நின்றுவிடும். அந்தக் கணக்கைப் பைசா பிசகாமல் நேர் செய்பவரைக் காபிக்கு அனுப்புவது அநியாயம். செய்யும் வேலைகளை எல்லாம் எழுதி, ஊதிய உயர்வு கேட்டுத் துறைத்தலைவரிடம் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முன், அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து உண்மையைச் சொல்லுங்கள். இணையதளத்தின் மீது பழி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நிலுவை வந்ததா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வராதவருக்கு நீங்களே கடிதம் தயாரித்துத் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். வேலையை விடுவதானாலும், இந்த மாதப் பதிவை முடித்து, அடுத்து வருகிறவருக்கு அதைச் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு விடுங்கள்.