ஐ.நா. சீர்திருத்தம்: யார் என்ன கேட்கிறார்கள், எது எங்கே சிக்குகிறது?

கேள்வி: 193 நாடுகளும் "சீர்திருத்தம் வேண்டும்" என்கின்றன. பிறகு ஏன் 1965க்குப் பின் பாதுகாப்பு சபையில் ஓர் இடம்கூடக் கூடவில்லை?

பதில்: சொல் ஒன்றுதான், கோரிக்கை ஆளுக்கொன்று. இந்தியா, பிரேசில், ஜெர்மனி, ஜப்பான் சேர்ந்த ஜி-4 அணி 2005இல் வைத்த வரைவு, 15 இடங்களை 25 ஆக்கச் சொன்னது: புதிதாக 6 நிரந்தர இடங்கள், 4 தேர்தல் இடங்கள் (இரண்டு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவை). புதியவர்கள் 15 ஆண்டு கழித்து வரும் மறுஆய்வு வரை வீட்டோவை, அதாவது ஒரு தீர்மானத்தைத் தனியாகவே தடுக்கும் உரிமையைப் பயன்படுத்த மாட்டார்கள் என்றும் அதில் இருந்தது. இத்தாலி, பாகிஸ்தான், தென்கொரியா, மெக்சிகோ, அர்ஜென்டினா உள்ள எதிரணிக்குப் புதிய நிரந்தர இடம் என்ற பேச்சே ஆகாது. தேர்தல் இடங்களைக் கூட்டு, மறுபடி போட்டியிட வழிவிடு என்பது அவர்கள் நிலை. பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு ஜி-4 நாட்டுக்கும் அதன் பிராந்தியத்திலேயே ஒரு போட்டியாளர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

54 நாடுகளின் வாக்கைக் கையில் வைத்திருக்கும் ஆப்பிரிக்காவின் கோரிக்கை, 2005ஆம் ஆண்டு எசுல்வினி உடன்பாட்டில் இருக்கிறது. குறைந்தது 2 நிரந்தர இடங்கள், மொத்தம் 5 தேர்தல் இடங்கள். வீட்டோவே தவறு, ஆனால் அது இருக்கும்வரை புதியவர்களுக்கும் வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஜி-4உம் ஆப்பிரிக்காவும் அந்த ஆண்டே கைகோக்கப் பார்த்தன. வீட்டோவில்தான் முறிந்தது. ஆப்பிரிக்காவின் கோரிக்கை நியாயமானது என்பதே என் கருத்து. பாதுகாப்பு சபையின் கோப்புகளில் கணிசமான பகுதி அந்தக் கண்டத்தைப் பற்றியது, நிரந்தர இருக்கையோ ஒன்றுகூட இல்லை.

கேள்வி: இடங்களைக் கூட்ட ஐ.நா. சாசனத்தைத் திருத்த வேண்டுமே, அந்த முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா சார்?

பதில்: 108வது பிரிவு. முதல் படி, பொதுச்சபையில் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 129 வாக்கு. வந்திருப்பவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில். அதனால் வராமல் இருப்பதும் நடுநிலை வகிப்பதும் நடைமுறையில் எதிர்வாக்குதான். இந்தப் படியில் வீட்டோ கிடையாது. இரண்டாவது படி, ஒவ்வொரு நாடும் தன் சொந்த அரசியல் சட்ட முறைப்படி ஒப்புதல் தர வேண்டும். இங்கேயும் 129 வேண்டும், அதற்குள் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) இருந்தே ஆக வேண்டும். ஒருவர் ஒப்புதல் தராவிட்டாலும் திருத்தம் அங்கேயே நிற்கும்.

"அப்படியானால் நடக்கவே நடக்காது" என்று முடிவு கட்டாதீர்கள். பாதுகாப்பு சபையை 11இலிருந்து 15 ஆக்கிய தீர்மானம் 1963 டிசம்பரில் 97 வாக்கு பெற்றது, எதிர்த்தவை 11. அன்று சோவியத் யூனியனும் பிரான்சும் எதிர்த்தன, அமெரிக்காவும் பிரிட்டனும் நடுநிலை. அதே நாடுகள் பிறகு ஒப்புதல் கொடுத்தன. 1965 ஆகஸ்ட் 31இல் திருத்தம் அமலுக்கு வந்தது. புதிதாக விடுதலை பெற்ற அத்தனை நாடுகளின் முன்னால் தனியாகக் கதவடைத்து நிற்க எந்த வல்லரசும் விரும்பவில்லை. முதல் நாள் வாக்கைப் பார்த்துக் கடைசி முடிவைக் கணக்குப் போடக் கூடாது.

கேள்வி: இதுபற்றி 2009 முதல் அரசுகளிடையே பேச்சு நடக்கிறதே, அதில் என்னதான் தடை?

பதில்: பேரம் பேச ஒரே வரைவு இல்லை. உறுப்பினர் வகை, வீட்டோ, பிராந்தியப் பங்கு, சபையின் அளவும் செயல்முறையும், பொதுச்சபையோடு உறவு என ஐந்து தலைப்பில் பேசுகிறார்கள். வரிக்கு வரி திருத்தும் பொது வரைவு வைக்காமல், எல்லாரும் தத்தம் நிலையைத் திரும்ப வாசித்துவிட்டு அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவைக்கிறார்கள்.

கேள்வி: சாசனத்தைத் தொடாமல் வீட்டோவைக் கட்டுப்படுத்த வழி உண்டா?

பதில்: ஓரளவு உண்டு. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் பற்றிய தீர்மானத்துக்கு ஆதரவு 11, எதிர்ப்பு 1, நடுநிலை 3. எதிர்த்த அந்த ஒன்று ரஷ்யா, தீர்மானம் செத்தது. இரண்டு நாள் கழித்து, பொதுச்சபையின் அவசரச் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டச் சொல்லும் தீர்மானம் வந்தது. மறுபடியும் 11, 1, 3. இந்த முறை நிறைவேறியது. காரணம், அது நடைமுறை சார்ந்த முடிவு. 27வது பிரிவின்படி அதற்கு எந்த 9 வாக்கும் போதும், வீட்டோ செல்லாது. மார்ச் 2இல் பொதுச்சபை 141 வாக்குகளோடு கண்டனத் தீர்மானம் போட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில் லிக்டென்ஸ்டைன் முன்னின்று கொண்டுவந்த 76/262 தீர்மானமும் வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறியது. யார் வீட்டோ போட்டாலும் 10 வேலைநாளுக்குள் பொதுச்சபை கூடி விவாதிக்க வேண்டும். பொதுச்சபைத் தீர்மானம் உறுப்பு நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனாலும் வீட்டோ போட்டவர் மற்ற 192 பேர் முன்னால் எழுந்து காரணம் சொல்ல வேண்டிய நிலை வந்திருக்கிறது.

கேள்வி: ஐ.நா.வில் பணமே இல்லை என்கிறார்கள். சந்தா கட்டாதவர்களை ஏன் தண்டிப்பதில்லை?

பதில்: 19வது பிரிவு இருக்கிறது. பாக்கி இரண்டு முழு ஆண்டுச் சந்தாவை எட்டினால் பொதுச்சபையில் வாக்குரிமை போகும். அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே பாக்கி வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது, ஓட்டை அங்கேதான். 2025க்கான வழக்கமான பட்ஜெட் சுமார் 372 கோடி டாலர். அதில் அமெரிக்காவின் பங்கு 22%, சீனாவினுடையது சுமார் 20%. இந்த இருவரில் ஒருவர் தாமதித்தாலே சம்பளம், மொழிபெயர்ப்பு, கூட்ட நேரம் எல்லாம் ஆட்டம் காணும்.

இதைவிட மோசமான சிக்கல் நிதி விதியில் இருக்கிறது. பட்ஜெட் 100 என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் வரை 75தான் வந்ததால் காலிப் பணியிடங்களை நிரப்பாமல் செலவை 75க்குள் அடக்குகிறார்கள். டிசம்பர் கடைசியில் 15 வருகிறது. அதைச் செலவிட நாள் இல்லை. செலவாகாத மிச்சத்தை உறுப்பு நாடுகளின் கணக்கில் வரவு வைத்து, பின்வரும் சந்தாவில் கழிக்க வேண்டும் என்பது விதி. தாமதத்தால் செய்ய முடியாத வேலை, காகிதத்தில் சேமிப்பாக மாறிவிடுகிறது! பாதுகாப்பு சபை விரிவாக்கத்துக்குப் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இந்த விதிக்கு ஒதுக்கினால்கூட நாளைக்கே பலன் தெரியும். இதற்குச் சாசனத் திருத்தம் வேண்டாம், பொதுச்சபை முடிவே போதும்.

கேள்வி: 2025 மார்ச்சில் பொதுச்செயலாளர் தொடங்கிய ஐ.நா.-80 முயற்சியில், சிறிய நாட்டுத் தூதுக்குழு எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: அந்த முயற்சிக்கு மூன்று கிளை: செலவுக் குறைப்பு, பழைய பணி ஆணைகளின் (உறுப்பு நாடுகள் தீர்மானங்கள் வழியே ஒப்படைத்த வேலைகளின்) ஆய்வு, அமைப்பு மாற்றம். நடுவில் உள்ளதைப் பிடியுங்கள். ஒரு தீர்மானம் "அறிக்கை தருக" என்று கேட்கும், எப்போது நிறுத்துவது என்று எழுதாது. அடுத்த ஆண்டுத் தீர்மானம் அதையே நகலெடுக்கும். மூன்று பேர் கொண்ட தூதுக்குழுவால் அத்தனை அறிக்கையையும் படிக்கவே முடியாது.

வரைவு சுற்றில் இருக்கும்போதே மூன்று வரி கேளுங்கள்: முடிவுத் தேதி, எந்த நிறுவனம் பொறுப்பு, பழைய எந்த ஆணைக்குப் பதிலாக இது. செலவுக் கணக்கு இல்லாமல் செலவு வைக்கும் தீர்மானத்தைப் பொதுச்சபையின் எந்தக் குழுவும் பரிந்துரைக்கக் கூடாது என்று பொதுச்சபை நடைமுறை விதி 153 ஏற்கெனவே சொல்கிறது. "இருக்கும் நிதிக்குள்ளேயே" என்ற சொற்றொடர் வந்தால் உடனே கையைத் தூக்குங்கள். அந்த நிதி இன்னொரு திட்டத்திலிருந்துதான் வரும், எந்தத் திட்டம் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.