கூரைக்கு ஒரு மொய்

வணக்கம் சார்,

நான் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். போன மாதம் கறுப்பின நாடகக் கலைஞர்களுக்காக நடந்த ஒரு நிதி திரட்டும் விருந்தில் எங்கள் அலுவலகம் மேசை ஒன்றை வாங்கியிருந்தது. ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தட்டு 500 டாலர். கோட்டு சூட்டு, பட்டு கவுன், மூலையில் பியானோ. சாப்பாட்டுக்கு நடுவில் ஒருவர் மேடையேறி 25,000 டாலர் தருபவர் யார் என்று தொடங்கி, 10,000, 5,000 என இறங்கி 100 வரை வந்தார். ஆளுக்கொரு எண் அட்டை. எல்லோரும் தூக்கினார்கள், கூச்சத்தில் நானும் 100க்குத் தூக்கிவிட்டேன். அப்புறம் மூத்த நடிகை ஒருவர் எழுந்து, தன் இளமையில் நடித்த நாடகத்திலிருந்து ஒரு பக்கம் பேசினார். தாள் இல்லை, மைக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். ஸ்பூன் சத்தம்கூட நின்றுபோனது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசனை. இந்தச் சாப்பாட்டுச் செலவை அப்படியே அந்த அம்மா கையில் கொடுத்திருக்கலாமே? நல்ல நாடகமென்றால் டிக்கெட்டிலேயே பிழைக்காதா? பெரிய தியேட்டர்களே இப்போது கறுப்பினத்தவர் நாடகங்களைப் போடும்போது அவர்களுக்கென்று தனி அமைப்பு எதற்கு? என் மனைவிக்குப் புதுக்கோட்டைப் பக்கம். ‘இது நம்ம ஊர் மொய் விருந்துதான், ஆட்டுக்கறிக்குப் பதில் மீன்’ என்கிறாள்.

எஸ்., எடிசன்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். மொய் விருந்தில் நோட்டு உண்டு. யார் எவ்வளவு போட்டார் என்று எழுதி வைத்து, அவர் வீட்டு முறை வரும்போது சேர்த்துச் செய்தாக வேண்டும், செய்யாதவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நீங்கள் போன விருந்தில் போட்ட பணம் திரும்பி வராது. அமெரிக்க வரிச் சட்டமும் இதைக் கறாராகவே பார்க்கிறது. தட்டு 500 டாலர், சாப்பாட்டின் மதிப்பு ஒரு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதி 380தான் நன்கொடைக் கணக்கில் வரும். அதாவது சாப்பாட்டுக்கு உங்கள் அலுவலகம் காசு கொடுத்தாயிற்று, மீனைப் பற்றி நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

அதற்காக இப்படி நடக்கிற எல்லா விருந்தும் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. மண்டபம், பூ, இசைக்குழு எல்லாம் போக எவ்வளவு மிஞ்சியது என்று கேட்பதில் தப்பே இல்லை. இந்த மாதிரி லாப நோக்கமில்லாத அமைப்புகள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் 990 படிவம் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடைக்கும், பெரிய விருந்தென்றால் அதன் வரவு செலவு தனியாகவே அதில் இருக்கும். தேடிப் பாருங்கள். நான் யாருக்காவது பணம் அனுப்பும் முன் அதைத்தான் செய்கிறேன், இரண்டு மூன்று தடவை அனுப்பாமலும் இருந்திருக்கிறேன்.

டிக்கெட் கேள்விக்கு நீங்கள் குடியிருக்கும் இடமே பதில். உங்கள் பக்கத்து ஊர் நியூ பிரன்ஸ்விக். அங்கே 1978இல் கிராஸ்ரோட்ஸ் என்ற கறுப்பின நாடக நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்னொரு பக்கம் பிரின்ஸ்டன். 1996 ஜூனில், அந்த பிரின்ஸ்டனில் நடந்த நாடகக்காரர்கள் மாநாட்டில் ஆகஸ்ட் வில்சன் பேசினார். 20ஆம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்கள் எழுதி வைத்துவிட்டு 2005இல் போனாரே, அவர்தான். கறுப்பின நாடகம் உயிரோடும் துடிப்போடும்தான் இருக்கிறது, அதற்குப் பணம் மட்டும் வருவதில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். சும்மா புலம்பவில்லை, எண்ணிச் சொன்னார்: நியூயார்க் பிராட்வேக்கு வெளியே ஊர் ஊராக நடக்கும் பெரிய வட்டாரத் தியேட்டர்களின் கூட்டமைப்பில் அன்றைக்கு 66 உறுப்பினர்கள், அதில் கறுப்பினத் தியேட்டர் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று கிராஸ்ரோட்ஸ்.

மூன்று வருடம் கழித்து, 1999இல், அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி, சிறந்த வட்டாரத் தியேட்டர் என்ற வகையில் கிராஸ்ரோட்ஸுக்குக் கிடைத்தது. கறுப்பினத் தியேட்டர் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுவே முதல்முறை. அடுத்த வருடம் கடன் தாங்காமல் அந்தப் பருவத்து நாடகங்களையே ரத்து செய்தார்கள். விருது அலமாரியில் இருக்கிறது, மேடையில் விளக்கு இல்லை. அப்புறம் தட்டுத்தடுமாறி எழுந்து, அதே ஊரில் 2019இல் திறந்த கலை மையத்தில் இப்போது நடத்துகிறார்கள்.

இது கிராஸ்ரோட்ஸின் திறமைக் குறைவா? கொஞ்சம் நிர்வாகக் கோளாறும் இருந்திருக்கலாம், எந்த நாடகக் குழுவில்தான் இல்லை. ஆனால் லாப நோக்கமில்லாத தியேட்டர் எதுவுமே அங்கே டிக்கெட்டை மட்டும் நம்பி ஓடுவதில்லை. வாரக்கணக்கில் ஒத்திகை, அதற்குச் சம்பளம், செட், உடை, இத்தனையும் செய்துவிட்டு சில நூறு பேர் உட்காரும் அரங்கில் போடுகிறார்கள். வெள்ளையர்களின் பெரிய தியேட்டர்களும் விருந்து வைத்துக் கை ஏந்துகின்றன, ஆனால் அவர்களுக்குப் பல தலைமுறைப் பணக்காரக் குடும்பங்கள் போட்டு வைத்த வைப்பு நிதி இருக்கிறது, ஒரு வருடம் நாடகம் படுத்தால் வட்டி தாங்கிக்கொள்ளும். கறுப்பினத் தியேட்டர் டிக்கெட் விலையை ஏற்றினால் முதலில் வராமல் போவது அது யாருக்காக நடக்கிறதோ அந்தச் சனம்தான். 1973இல் நியூயார்க்கில் விவியன் ராபின்சன் ஆடெல்கோ என்று ஒரு அமைப்பைத் தொடங்கியதே கறுப்பின நாடகங்களுக்குப் பார்வையாளர்களைத் திரட்டத்தான். அந்த அமைப்பு கொடுக்கும் விருதெல்லாம் அதோடு வந்து சேர்ந்தது.

தனியாக எதற்கு என்ற கேள்வி 200 வருடம் பழையது. 1821இல் நியூயார்க்கில் வில்லியம் பிரவுன் என்ற கப்பல் பணியாளர், தன் வீட்டுக் கொல்லையில் தேநீர்த் தோட்டமாகத் தொடங்கியதை ஆஃப்ரிக்கன் குரோவ் என்ற நாடகக் கொட்டகையாக்கினார். கறுப்பின நடிகர்கள் ஷேக்ஸ்பியரை நடித்தார்கள். வெள்ளைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்து கூச்சல் போட, பிரவுன் அவர்களுக்குப் பின்வரிசையில் தடுப்பு வைத்தார், நாகரிகமான இடத்தில் எப்படி நடந்துகொள்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று காரணமும் சொன்னார். மனுஷனை எனக்கு அதற்காகவே பிடிக்கும். போலீஸ் நடிகர்களைப் பிடித்துக்கொண்டு போனது, ஓரிரு வருடங்களில் கொட்டகை மூடப்பட்டது. அந்தச் சூழலில் வளர்ந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிஜ் இங்கிலாந்துக்குக் கப்பலேறி ஐரோப்பா முழுக்க நடித்துப் புகழ்பெற்று 1867இல் போலந்தின் வூச் நகரத்தில் இறந்தார். ஊரில் ஒரு மேடை நிலைத்திருந்தால் ஆள் போயிருப்பாரா?

வில்சன் பேசியதை எல்லாம் நான் அப்படியே ஏற்கவில்லை. வெள்ளையர்களுக்கென்று எழுதிய பாத்திரங்களில் கறுப்பின நடிகர்கள் நடிக்கவே கூடாது என்கிற அளவுக்கு அவர் போனது அதிகம். அவருடைய நாடகங்களே யேல் பல்கலைக்கழகத் தியேட்டர் மாதிரி பெரிய வெள்ளை நிறுவனங்களின் மேடையில்தான் பிறந்தன என்று அப்போதே சிலர் குத்திக்காட்டினார்கள், அது நியாயமான குத்துதான். ஆனால் கறுப்பினத்தவருக்குச் சொந்தமாகத் தியேட்டர் வேண்டும் என்று அவர் சொன்னது சரி. பெரிய தியேட்டர் வருடத்துக்கு ஒரு கறுப்பின நாடகம் போடும், பெரும்பாலும் பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதம் என்பதால். அடுத்த வருடம் எதைப் போடுவது என்று தீர்மானிக்கும் நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள்.

இனி அந்தப் பணம் எங்கே போகிறது. 1967இல் ஃபோர்டு அறக்கட்டளை 4 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க, நியூயார்க்கில் நீக்ரோ என்செம்பிள் கம்பெனி தொடங்கியது. அப்போது திட்டாத ஆள் இல்லை: கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெமை விட்டுவிட்டு ஈஸ்ட் வில்லேஜில் ஏன், முதல் நாடகமே ஒரு வெள்ளைக்காரர் எழுதியது ஏன் என்று. திட்டு வாங்கிக்கொண்டே நடத்தினார்கள். 1981இல் அவர்கள் போட்ட, சார்ல்ஸ் ஃபுல்லர் எழுதிய ராணுவ நாடகம் அடுத்த வருடம் புலிட்சர் வாங்கியது. அதில் நடித்த இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான டென்சல் வாஷிங்டன்.

1990களின் பிற்பகுதியில் ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் கோடைக்கால நடிப்புப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது, கட்டணம் கட்ட வழியில்லை. அவர்களின் ஆசிரியை, நடிகை ஃபிலீசியா ரஷாத், சில நண்பர்களைக் கேட்டார். மாணவன் ஒருவனுக்குப் பணம் கட்டியவர் பெயரோடு கடிதம் வந்தது: டென்சல் வாஷிங்டன். அந்த மாணவன், பின்னாளில் ‘பிளாக் பேந்தர்’ படத்தின் நாயகனான சாட்விக் போஸ்மன். போஸ்மன் பல வருடம் இதை வெளியே சொல்லவில்லை, 2018இல்தான் பேட்டிகளில் சொன்னார். 2019இல், டென்சலுக்கு நடந்த ஒரு பாராட்டு விருந்தில், ஆமாம், நீங்கள் போனது மாதிரியே கோட்டும் கவுனும் நிறைந்த ஒரு மண்டபத்தில், மேடையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய கடைசிப் படம் ஆகஸ்ட் வில்சன் நாடகம் ஒன்றின் திரை வடிவம், தயாரிப்பு டென்சல். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், நோட்டில் எழுதாத மொய்யும் இப்படிச் சில சமயம் திரும்பி வந்துவிடுகிறது.

வில்சன் சிறுவயதில் வளர்ந்த வீட்டுக்கும் நிதி திரட்டியது டென்சல்தான். பிட்ஸ்பர்கில், ஹில் டிஸ்ட்ரிக்டில், பெட்ஃபோர்ட் அவென்யூ 1727. முன்பக்கம் மளிகைக்கடை, பின்னால் இரண்டு அறை, வெந்நீர் கிடையாது, அதில்தான் குடும்பமே. இடிந்து கிடந்ததைச் சீர்செய்து 2022 ஆகஸ்டில் திறந்து, இப்போது கலைஞர்களுக்கான இடமாக வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் 4 கோடி டாலருக்கு மேல் செலவழித்து வில்சன் பெயரில் 2009இல் திறந்த கலாசார மையமோ நாலைந்து வருடத்திலேயே கடன் கட்ட முடியாமல் ஏலம் வரை போனது. ஹோட்டல்காரர் வாங்குவதாக இருந்ததை மூன்று அறக்கட்டளைகள் சேர்ந்து மீட்டன. கட்டுவதற்குப் பணம் கொடுக்க ஆள் கிடைக்கும், கல்லில் பெயர் வெட்டலாமே. வாசல் பெருக்குபவர் சம்பளத்துக்கு யார் பெயரை வெட்டுவது?

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் பார்பரா ஆன் டியர். 1968இல் ஹார்லெமில் நேஷனல் பிளாக் தியேட்டரைத் தொடங்கியவர், 1983இல் ஐந்தாவது அவென்யூவில் கட்டடத்தையே வாங்கினார், கடைகளை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் நாடகம் நடத்துவது அவர் கணக்கு. நைஜீரியாவின் ஒசோக்போவிலிருந்து சிற்பிகளை வரவழைத்து உள்ளே அலங்கரித்தார். அவர் 2008இல் இறந்தார், பழைய கட்டடத்தையும் இடித்தாயிற்று, ஆனால் மனை கைவிட்டுப் போகவில்லை. அதே இடத்தில் குடியிருப்பும் அரங்குமாகப் புதிய கட்டடம் எழும்பியிருக்கிறது.

ஆகவே அந்த 100 டாலருக்காக வெட்கப்படாதீர்கள். அடுத்த முறை கொடுத்தால், எந்த நிபந்தனையும் இல்லாத பொதுச் செலவுக்கு என்று எழுதிக் கொடுங்கள், கரண்ட் பில்லும் அதில்தான் கட்டுவார்கள். கிராஸ்ரோட்ஸில் இரண்டு டிக்கெட் வாங்கி மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பார்க்கிங் அங்கே கொஞ்சம் சிரமம், முன்கூட்டியே கிளம்புங்கள்.

அப்புறம் ஒன்று. அந்த மூத்த நடிகை மைக் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுப் பேசினாரே, அது எந்த நாடகம்? கடிதத்தில் தட்டு விலை இருக்கிறது, அது மட்டும் இல்லை. விசாரித்து எழுதுங்கள்.