உலகக் குடிமகனுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: மனிதர்கள் எல்லோரும் ஒன்றுதான், நான் உலகக் குடிமகன் என்று சொன்னால், "உனக்கு நாட்டுப்பற்றே இல்லை" என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியாதா?

பதில்: தாராளமாக இருக்கலாம், உங்கள் நண்பர்கள் சொல்வது தவறு. ஆனால் நாடு இல்லாமல் வாழ்வது எப்படி என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

காரி டேவிஸ் என்று ஓர் அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், அதே போரில் அண்ணனைப் பறிகொடுத்தவர். 1948 மே மாதம் பாரிஸில் இருந்த தன் நாட்டுத் தூதரகத்துக்குப் போய், குடியுரிமையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, இனி நான் உலகக் குடிமகன் என்றார். நவம்பரில், அங்கே கூடியிருந்த ஐ.நா. பொதுச்சபையின் நடுவில் எழுந்து உலகத்துக்கு ஒரே அரசு வேண்டும் என்று குரல் எழுப்ப, பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 10 அன்று, அதே சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 15-ஆவது பிரிவு, ஒரு நாட்டின் குடியுரிமை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது.

ஏன் அப்படி எழுதினார்கள்? நாஜி அரசு யூதர்களின் குடியுரிமையைப் பறித்ததையும், அப்படி நாடற்றுப் போனவர்கள் எல்லை எல்லையாகத் திருப்பி அனுப்பப்பட்டதையும் உலகம் அப்போதுதான் பார்த்து முடித்திருந்தது. டேவிஸ் மனசாட்சிக்காக விட்டுக்கொடுத்தது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. டேவிஸைப் பெரிய மனிதர் என்றே நினைக்கிறேன், ஆனாலும் அவர் வழியில் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மை ஒருவர் அடைத்து வைத்தால் எங்கே என்று கேட்க ஓர் அரசு வேண்டும்.

சரி, அதற்காக அக்கறை எல்லையோடு நின்றுவிட வேண்டுமா? பெரியம்மையை ஒழிக்கலாம் என்று 1958-இல் உலக சுகாதார நிறுவனத்தில் முன்மொழிந்தது சோவியத் யூனியன். பின்னால் அந்த வேலையை முன்நின்று நடத்தியவர் ஓர் அமெரிக்கர். பனிப்போர் உச்சத்தில், ஒருவர் பக்கம் ஒருவர் அணுகுண்டை நீட்டிக்கொண்டிருந்த இரண்டு நாடுகளும் சேர்ந்துதான் தடுப்பூசி கொடுத்தன, 1980-இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். இதற்காக யாரும் தன் குடியுரிமையைத் தூக்கி எறியவில்லை, தன் அரசின் பணத்தையும் மருந்தையும் வெளியே கொண்டுபோகத்தான் பாடுபட்டார்கள். நீங்களும் அதைச் செய்யலாம். உங்கள் அரசு அகதிகளை எப்படி நடத்துகிறது, அடுத்த நாட்டின் மேல் போடும் குண்டுக்கு என்ன காரணம் சொல்கிறது என்றெல்லாம் கேள்வி கேட்க உங்களிடம் ஓட்டு இருக்கிறது. அந்த நாட்டில் குண்டுக்கு அடியில் இருப்பவருக்கு இங்கே ஓட்டு இல்லை.