இரத்ததானத்தின் பின் ‘ஹெபடைடிஸ் சி பொசிட்டிவ்’ என்றால் நோய் உறுதிதானா?

தம்பி, இரத்ததானம் செய்த பின் உங்கள் குருதியில் ஹெபடைடிஸ் சி பிறபொருளெதிரி (அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) காணப்பட்டதாகச் சொல்லி மீண்டும் வரச்சொன்னார்கள் என்றும், அன்றிலிருந்து அம்மா உங்கள் சாப்பாட்டுக் கோப்பையைத் தனியாக வைக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் ஆய்வுகூடப் பணியில் இருப்பவன் என்ற முறையில் முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்: ஈரலைத் தாக்கும் இந்த வைரசு குருதி வழியாகத் தொற்றுவது, சேர்ந்து உண்பதால் தொற்றாது. கோப்பையை இன்றைக்கே பழைய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியான பரிசோதனை எப்படிப் பிழையாகும் என்று கேட்கிறீர்கள். பத்தாயிரம் பேரைப் பரிசோதிக்கிறோம், அவர்களில் 20 பேருக்கே தொற்று உண்டு என வைத்துக்கொள்வோம். அந்த 20 பேரையும் பரிசோதனை பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் தொற்றில்லாத 9,980 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஏறத்தாழ 100 பேரையும் ‘பொசிட்டிவ்’ என்று காட்டிவிடும். ஆக, அந்த முடிவைப் பெறும் 120 பேரில் உண்மையில் தொற்றுள்ளவர்கள் ஆறில் ஒரு பங்கினரே. அதே பரிசோதனையைத் தொற்று அதிகமுள்ள ஒரு குழுவில், பத்தில் ஒருவருக்குத் தொற்றுள்ள ஆயிரம் பேரில் செய்தால், 108 பேரில் 99 பேருக்கு முடிவு மெய்யாகவே இருக்கும். இலங்கையில் இந்தத் தொற்று குறைவு. குருதி கொடுப்போர் முன்கூட்டியே கேள்விகள் கேட்டுத் தெரிவுசெய்யப்படுபவர்கள். ஆகவே உங்கள் நிலை முதற்கணக்குக்கே நெருக்கமானது. இதை விளக்காமல் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

பிறபொருளெதிரி மெய்யாகவே இருந்தாலும், வைரசு ஒருகாலத்தில் உடலுக்குள் வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதமானோரின் உடல் மருந்தில்லாமலே வைரசை அகற்றிவிடுகிறது. பிறபொருளெதிரியோ பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. ஆகவே வைரசின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. குருதியில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையே தீர்ப்புச் சொல்லும்.

2009 இல், போரால் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் உங்களுக்கு வந்த செங்கமாரியையும் (மஞ்சள் காமாலை) குறிப்பிட்டிருந்தீர்கள். அக்காலத்தில் முகாம்களில் பரவியது அசுத்தமான நீராலும் உணவாலும் தொற்றும் ஹெபடைடிஸ் ஏ வகை; அதன் பிறபொருளெதிரி வாழ்நாள் முழுவதும் காக்கும், சி பரிசோதனை அதைத் தேடுவதில்லை.

ஆர்.என்.ஏ. இல்லையென்றால் இப்போது தொற்றில்லை; கடந்த ஆறு மாதங்களுக்குள் ஊசி, பச்சை குத்துதல் போன்றவற்றால் தொற்றியிருக்க வாய்ப்பிருந்தால் மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். ஆர்.என்.ஏ. இருந்தாலும் பயமில்லை, எட்டு அல்லது பன்னிரண்டு வாரங்கள் விழுங்கும் மாத்திரைகளால் 95 சதவீதத்துக்கும் அதிகமானோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். வரச்சொன்ன நாளைத் தவறவிடாமல் போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.